இதர நான்கு

சுரங்கத்துக்குள் இறங்கும் முன் என் தம்பி கவியரசன் செருப்பைக் கழற்றி வாய்மேட்டில் வைத்தான். விராலிமலையில் பஸ் மாறும்போது வாங்கிய புதுச் செருப்பு. ஓர் அளவு பெரிது. வைத்தவன் மறுபடி குனிந்து, வெளியே வந்ததும் காலை நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தான்.

"என்னடா, பொண்ணு பாக்கப் போன வீட்டு வாசல்ல விடுற மாதிரி விடுற?" என்றான் அஸ்வர்.

"ஒன் ஊக்குச் செருப்ப அங்கிட்டுத் தள்ளி வையி. பக்கத்துல கெடந்தா என்னோடதுக்கும் வார் அந்துரும்."

அரவிந்த்குமாரும் அவன் மச்சான் சவரிமுத்துவும் சிரித்தார்கள். ஐந்தாவது ஜோடியாக என் செருப்பை ஓரத்தில் விட்டேன்.

நாங்கள் ஐந்து பேரும் இலுப்பூர்ப் பக்கத்தில் கிணறு தூர் வாருகிறவர்கள். இறங்குகிறவன் செருப்பைக் கிணற்று விளிம்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குவான். செருப்பு கிடக்கும்வரை மேலே இருப்பவர்கள் மோட்டார் போட மாட்டார்கள், கல் உருட்ட மாட்டார்கள். ஏறி வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டால்தான் கிணறு காலி என்று அர்த்தம். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. ஒரு செருப்பு கிடந்தால் ஓர் ஆள் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான்.

அன்று நாங்கள் தூர் வாரப் போனது கிணறு இல்லை. மேல்நிலை நீர்மின் கழகத்தின் சுரங்கம். அந்த மலையில் மேலேரி, நடுவேரி, கீழேரி என்று ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மூன்று ஏரிகள். ஓர் ஏரித் தண்ணீர் சுரங்கம் வழியாக அடுத்த ஏரிக்கு விழும். விழும் இடத்தில் மின்நிலையம். 'எங்கள் மலையில் ஒரே துளி மூன்று முறை உழைக்கிறது' என்று கழகத்தின் ஆண்டு மலரில் போட்டிருந்தார்கள். அந்தத் துளி நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தப் பணியாளரா என்பது அதில் இல்லை.

நிரந்தரப் பணியாளர்களுக்கு எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. சுரங்கத்துக்குள் போகிறவர் மதகு அறையிலுள்ள பலகையில் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் மதகைத் திறக்கக் கூடாது. நல்ல விதி. ஒப்பந்த ஆட்களுக்கு வில்லை கிடையாது என்பதும் விதி. அதனால் போர்மேன் அருள்தாஸ் எங்கள் ஐந்து பேருக்குமாகத் தன் வில்லையை மாட்டிவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். செருப்பு விஷயத்தை மதகு அறையிலும் அவரிடமும் சொல்லியிருந்தோம்.

"நல்ல பழக்கம்தான்ப்பா. கிராமத்து ஆளுக கிராமத்து ஆளுகதான்" என்றார்.

அது மார்ச் பத்தாம் தேதி. பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள். ஏரிக்கரையில் ஷாமியானா போட்டு விழா. 'சிறந்த பாதுகாப்புப் பணியாளர்' பரிசு அருள்தாஸுக்கு. மேடை ஏறுகிறவர் சீருடையில் வில்லையைக் குத்தியிருக்க வேண்டும் என்பது விழாக் குழுவின் உத்தரவு. அவர் பலகையிலிருந்து வில்லையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, சுரங்கத்தின் காற்றுக்குழி வழியாகக் கத்தினார்: "தம்பிகளா, பத்து நிமிசத்துல வாரேன். செருப்பு கெடக்குல்ல, எவனும் தொட மாட்டான்."

அவர் போன பிறகு தூய்மைக் குழு வந்திருக்கிறது. சிறப்பு விருந்தினர் நடந்துவரும் பாதையில் குப்பை கிடக்கக் கூடாதல்லவா? வாய்மேட்டில் கிடந்த ஐந்து ஜோடிச் செருப்பையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். விழாவின் உச்சமாக விருந்தினர், மதகைத் திறக்கச் சொல்லும் மணியின் பொத்தானை அழுத்தினார். மதகு அறையில் இருந்தவர் பலகையைப் பார்த்தார். வில்லை இல்லை. மேட்டைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. திறந்தார்.

நான் காற்றுக்குழி ஏணியின் நடுவில் நின்று, கீழிருந்து வரும் வண்டல் வாளியை வாங்கிப் பக்கத்துத் திட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். தம்பி எனக்கு நேர் கீழே நின்று வாளி கொடுத்தான். மற்ற மூவரும் அவனுக்கு அப்பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது காற்று. தண்ணீர் தனக்கு முன்னால் சுரங்கத்துக் காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது. காது அடைத்தது. "அண்ணே, என்னண்ணே காத்து?" என்று தம்பி கேட்டான். அடுத்தது சத்தம். நூறு லாரி கல்லை ஒரே நேரத்தில் கொட்டுவதுபோல. அவன் ஏணியில் காலை வைத்துவிட்டான். அவன் மணிக்கட்டை நான் பிடித்துவிட்டேன். தண்ணீரோடு வந்த முட்டுமரம் அவன் முதுகில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் அவன் கை வழியாக என் கைக்கு வந்தது. என் வாய் ஏணிப்படியில் மோதி இரண்டு பல் உடைந்தது. தோள் மூட்டு கழன்றது. பிடியை நான் விடவில்லை. கை சேற்றில் வழுக்கி என்னிடமிருந்து உருவப்பட்டது. அஸ்வரின் தலைவிளக்கு ஒரு தடவை என் காலுக்குக் கீழே பளிச்சென்று சுழன்று போனது. குரல் எதுவும் கேட்கவில்லை.

மேலே ஏறி ஷாமியானாவுக்கு நடந்தேன். எல்லோரும் வலக்கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பாதுகாப்பே என் மூச்சு, பாதுகாப்பே என் பேச்சு" என்று ஒலிபெருக்கி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது. என் வலக்கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததால் என்னால் நீட்ட முடியவில்லை. வாயிலிருந்து ரத்தம் வந்ததால் பேசவும் முடியவில்லை. ஒரு தொண்டர் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, மடியில் ஒரு பொட்டலம் வைத்தார். மிக்சரும் லட்டும். உறுதிமொழி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சைகை காட்டினார்.

சுரங்கத்தின் கீழ்வாயில், தண்ணீர் நடுவேரியில் விழும் இடத்தில், குப்பையைத் தடுக்க இரும்புக் கம்பிகள் நட்டிருக்கிறார்கள். நால்வரையும் தண்ணீர் அந்தக் கம்பிகளில் கொண்டுபோய் அறைந்து அழுத்தி வைத்திருந்தது. கம்பியைச் சுத்தம் செய்வது நடுவேரிப் பிரிவின் வேலை. அவர்கள் நீண்ட வாரிகளால் இழுத்து எடுத்து, தினசரிப் பதிவேட்டில் எழுதினார்கள்: 'மரம் ஆறு. இலை மூன்று கூடை. பிளாஸ்டிக் ஒரு சாக்கு. இதர நான்கு.'

உடல்களை வாங்கப் போனபோது செயற்பொறியாளர் ஆனந்தராஜ் என்னை உட்காரச் சொன்னார். கோபப்படாத மனிதர்.

"ரெங்கராஜ், உணர்ச்சிவசப்படாமக் கேளுங்க. பலகையில வில்லை இல்ல. வில்லை இல்லைன்னா சுரங்கத்துல ஆள் இல்ல. ஆளே இல்லாத எடத்துல எப்படிங்க ஆள் சாவான்? இந்த நிலையத்துல பதினோரு வருசமா ஒரு உயிர்ச்சேதம் கெடையாது. ஒங்களுக்காக அத நான் கெடுக்க முடியுமா?"

"அப்ப அந்த நாலு பேரு?"

"ஏரியில குளிச்சிருக்காங்க. குளிக்காதேன்னு போர்டு வச்சிருக்கோம். படிச்சவர்தான நீங்க?"

'நடுவேரியில் குளிக்கும்போது மூழ்கி' என்று எழுதிய தாளோடு தம்பி ஊருக்கு வந்தான். துணியை விலக்கியபோது அவன் நெஞ்சில் மேலிருந்து கீழாக நான்கு கோடுகள், விரற்கடைக்கு ஆழமாய் இறங்கியிருந்தன. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி நான்கு விரற்கடை என்பது அவன் உடம்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தின் இடது பாதி இல்லை. எங்களைப் பெற்ற ஆத்தா முத்துமாரியம்மாள் அழவில்லை. அவன் தாடைக்கடியில் இறுகிக் கிடந்த வாரைத் தொட்டாள். உடைந்த தலைவிளக்கு இன்னும் அதில் தொங்கியது.

"குளிக்கப் போனவனுக்கு தலையில எதுக்குடா லைட்டு?"

நான் வாரை அவிழ்த்து விளக்கை அவள் கையில் கொடுத்தேன்.

"வேலையில இருந்தான்னு எழுதி வாங்கிட்டு வா. உள்ள இருந்தான்னு எழுதச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஏழு மாதத்தில் பதினான்கு மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில், சுரங்கத்துக்குள் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று அறிவியல் முறைப்படி சோதனை நடத்தப்போவதாகச் சொல்லி, பொதுமக்கள் பிரதிநிதி என்ற பெயரில் என்னைக் கயிற்றுக்கு வெளியே நிற்க அனுமதித்தார்கள். என் தம்பியின் எடைக்கு ஒரு மணல் மூட்டை. அதற்குத் தலைக்கவசம் மாட்டினார்கள். வில்லை இல்லாமல் மூட்டையைச் சுரங்கத்துக்குள் அனுப்புவது பாதுகாப்பு விதிக்கு முரண் என்று யாரோ சுட்டிக்காட்டியதால், தலைமை அலுவலகத்துக்கு எழுதி, மூட்டைக்கென்று தனி வில்லை வரவழைத்திருந்தார்கள். பலகையில் மாட்டினார்கள். மூட்டையை உள்ளே வைத்தார்கள்.

வில்லை தொங்கியதால் மதகைத் திறக்க முடியவில்லை. வில்லையை உரியவரே எடுக்க வேண்டும், மூட்டை வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள், மூட்டையைத் தூக்கிவர ஒப்பந்த ஆட்கள் இருவரை வில்லை இல்லாமல் உள்ளே அனுப்பினார்கள்.

'வில்லை உள்ளவருக்குச் சுரங்கத்தில் எவ்வித ஆபத்தும் இல்லை என்பது நிரூபணமாயிற்று' என்று ஆனந்தராஜ் அறிக்கையை வாசித்தார். நான் சிரித்துவிட்டேன். துக்கத்தில் வரும் சிரிப்பை நிறுத்துவது கடினம். சோதனையின்போது சிரிப்பது பாதுகாப்புக்கு இடையூறு என்று மூன்று காவலாளிகள் வந்தார்கள். முதல் அடி கழன்று சேர்ந்த தோளில் விழுந்தது. கீழே விழுந்த பிறகு பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார்கள். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து, தரையில் எழுதியிருந்த 'உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்ற வாசகத்தின் மேல் முகத்தைத் தேய்த்தான். அன்று காலைதான் புதிதாக எழுதியது. மஞ்சள் பெயிண்ட் கன்னத்தில் ஒட்டியது. பஸ் நிறுத்தம்வரை இழுத்துவந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கே தண்ணீர் கொடுத்த பெண் செல்வராணி. கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் எழுத்தர். அரிமளத்துக்காரர்.

"அண்ணே, நீங்க விபத்துன்னு எழுதிக் குடுக்குறீங்க. விபத்துன்னா இங்க ஒருத்தரும் காகிதத்தத் தொட மாட்டாங்க. தப்புன்னு எழுதிக் குடுங்க. ஓடி வருவாங்க."

"யாரு தப்புன்னு?"

"ஒங்க தம்பி தப்புன்னு. வில்லை இல்லாம உள்ள போனது பெரிய குத்தம்ணே. விசாரிச்சா, உள்ள போனாருன்னு அவங்களே எழுதியாகணும்."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நான்காம் நாள் ஆத்தாவிடம் சொன்னேன். "அவன் மேல பழி போட்டு எழுதணும் ஆத்தா."

"குளிக்கப் போனான்னு எழுதுனதுதாண்டா பழி. நீ எழுது."

எழுதினேன். 'எனது இளைய சகோதரர் கவியரசன், கழக விதிகளுக்குப் புறம்பாக, வில்லை இன்றிச் சுரங்கத்தில் நுழைந்து, காலை பதினொன்று இருபதுவரை வெளியே வராமல் இருந்தார் என்பதைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.'

ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது. சம்மன் கொண்டுவந்தவர் வாசலில் நின்று, "கவியரசன் இருக்காருங்களா?" என்றார்.

"கம்மாக்கரையில இருக்கான்" என்றாள் ஆத்தா. எங்கள் சுடுகாடு அங்கேதான்.

"எப்ப வருவாரு?"

ஆத்தா அவரையே பார்த்தாள். அவர் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, 'எதிரி வீட்டில் இல்லை, கண்மாய்க்கரைக்குச் சென்றுள்ளார்' என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் சம்மனில் 'தொடர்ந்து கண்மாய்க்கரையிலேயே இருந்துகொண்டு வேண்டுமென்றே தவிர்த்து வருகிறார்' என்றிருந்தது.

கதவில் ஒட்டிய தாளைப் பற்றி இலுப்பூர்க் கடைத்தெரு முழுக்கப் பேச்சானது. ஒரு மாலை அஸ்வரின் அத்தா ஹாஜா முகைதீனும் அம்மா ரஹீமா பீவியும் வந்தார்கள்.

"தம்பி, எம் பிள்ளையும் அதே தப்பத்தான பண்ணிருக்கான்" என்றார் ரஹீமா பீவி. "அவன் மேலயும் ஒண்ணு எழுதிக் குடுங்கப்பா."

மறுநாள் அரவிந்த்குமார் வீட்டிலிருந்தும் சவரிமுத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். நான்கு புகாரும் எழுதி முடித்து, என் மீதும் ஒன்று எழுதினேன்.

எதிரியின் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்பதால் விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். முதல் நாள் கல்யாணத்தின் தோரணம் அப்படியே இருந்தது. விசாரணை அதிகாரி நல்லதம்பி மேடையில் உட்கார்ந்தார். கீழே எதிரிகளுக்கு நான்கு நாற்காலி. தேநீர் வந்தபோது அந்த நான்கு நாற்காலிக்கும் கொடுத்தார்கள், ஆறி ஆடை படிந்தது. ஒரு குவளையை எடுக்கப்போன பையனை நல்லதம்பி அதட்டினார்: "எதிரிக்கு உரியதை எடுக்காதே. நாளை மேல்முறையீட்டில் பாரபட்சம் என்பார்கள்."

முக்கியச் சாட்சி அருள்தாஸ். தன் மீது பழி வந்துவிடக் கூடாது என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் பாத்தேங்கய்யா. நாலு பேரும் வில்லை இல்லாம உள்ள போனாங்க. நான் கூப்புட்டப்பவும் உள்ளதான் இருந்தாங்க. வெளியே வரவே இல்ல. ஒழுங்கீனமான ஆளுங்கய்யா."

தூய்மைக் குழுவின் சாக்கை மேசையில் கொட்டினார்கள். சான்று எண் ஒன்று. எதிரிகள் உள்ளே நுழைந்ததற்கு ஆதாரம்.

அப்போது ஆனந்தராஜ் எழுந்தார். "அய்யா, இவங்க உள்ள இருந்தாங்கன்னு நீங்க முடிவு பண்ணா, எங்க பதினோரு வருச உயிர்ச்சேதமில்லா சாதனை..."

"உட்காருங்கள்" என்றார் நல்லதம்பி. "இது ஒழுங்குப் பிரிவு. உள்ளே இருந்தார்களா என்பது மட்டும்தான் என் வேலை. செத்தார்களா என்பது விபத்துப் பிரிவு. விபத்துப் பிரிவுப்படி அங்கே யாரும் இல்லை. என் பிரிவுப்படி நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு கோப்பும் சரியானவைதான். ஒன்றையொன்று சந்திக்காத வரையில் கழகத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை."

ஹாஜா முகைதீன் மெதுவாக மேசைக்கு நடந்தார். குவியலில் ஊக்குக் குத்திய செருப்பை அடையாளம் கண்டு எடுத்தார். ஐவேளைத் தொழுகிற, குரல் உயர்த்திப் பேசாத மனிதர். அருள்தாஸின் முகத்தில் அதனால் அடித்தார். ஊக்கு கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. "பாத்தியா? நீ பாத்தியா? பாத்துட்டு எங்கடா போன?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. அருள்தாஸ் நாற்காலிகளைத் தட்டிக்கொண்டு விழுந்தார். விழுந்தவரின் நெஞ்சில் நான் மிதித்தேன். எத்தனை முறை என்று இப்போது நினைவில்லை. விலா ஒன்று முறிந்தது என் குதிகாலுக்குத் தெரிந்தது. முன்பு ஒரு முறை கை வழியாகக் கேட்ட அதே சத்தம். அது கேட்டதும் நிறுத்திவிட்டேன். என் தம்பியின் தேநீர் அவர் ரத்தத்தோடு கலந்து தரையில் ஓடியது.

நல்லதம்பி எழுந்திருக்கவில்லை. 'சான்று எண் ஒன்றை ஒருவர் அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்தினார்' என்று எழுதச் சொன்னார். போலீஸ் வந்து எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனது. பதினெட்டு நாள் உள்ளே இருந்தோம். சிறைப் பதிவேட்டில் எங்கள் பெயர், தகப்பன் பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் துல்லியமாக எழுதினார்கள். ஹாஜா பாய் அதைப் பார்த்துவிட்டு, "இங்கதான் தம்பி ஒழுங்கா எழுதுறாங்க" என்றார்.

திரும்பி வந்தபோது உத்தரவு வந்திருந்தது. ஆத்தா பிரிக்காமல் வைத்திருந்தாள். காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

'எதிரிகள் கவியரசன், முகமது அஸ்வர், அரவிந்த்குமார், சவரிமுத்து ஆகிய நால்வரும் மார்ச் பத்தாம் தேதி காலை பதினொன்று இருபது மணிக்கு, பணியின்பொருட்டு, சுரங்கத்தின் உள்ளே இருந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. இவர்கள் இனிக் கழகத்தின் எந்தச் சுரங்கத்திலும் நுழையக் கூடாதென ஆயுட்காலத் தடை விதிக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. ரெங்கராஜ் என்பவர் ஏணியின் நடுவில் நின்றதால் அவர் உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்பது குறித்துத் தலைமை அலுவலகத்திடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது.'

"உள்ள இருந்தான்னு போட்ருக்கா?"

"போட்டிருக்கு."

"வேலையிலன்னு?"

"பணியின்பொருட்டுன்னு போட்டிருக்கு ஆத்தா. அதுதான்."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். பாதியில் மும்முனைக் கரண்ட் வந்தது. எங்கள் பக்கம் அது ஒன்பது மணிக்குத்தான் வரும். ஆத்தா எழுந்துபோய் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் கடலைக் கொல்லைக்குப் போகத் தொடங்கியது. எங்கள் போர்வெல்லில் முக்கால் இஞ்சுத் தண்ணீர்தான் வரும். அவன் இருந்தபோதும் முக்கால் இஞ்சுதான்.